தீம் பார்க் பட்ஜெட்: டிக்கெட்டைத் தாண்டிய செலவுகள் – வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்குக் குழந்தைகளைத் தீம் பார்க் அழைத்துப் போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இங்கே. கணக்குகளில் வரும் டிக்கெட், உணவு, உடை விலைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். நீங்கள் போகும் நாளின் விலையைப் போட்டு அதே கணக்கை மறுபடி பாருங்கள்.

நான், கணவர், 6-ஆம் வகுப்பு மகன், 2-ஆம் வகுப்பு மகள். பெங்களூரு வொண்டர்லா போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வேறு எதில் மிச்சம் பிடிக்கலாம்?
– திருச்சி வாசகி

கூப்பனைத் தேடுங்கள், தவறில்லை. ஆனால் அதில் கிடைப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பெரியவர் டிக்கெட் 1,500 ரூபாய், சிறுவர் டிக்கெட் 1,200 ரூபாய் என்று வைத்தால் நால்வருக்கு 5,400. கூப்பனால் மிச்சம் 540 ரூபாய்.

இப்போது டிக்கெட்டுக்கு வெளியே போகும் பணம். தண்ணீர் விளையாட்டுக்கான உடையை எடுத்துப் போகாமல் உள்ளே கடையில் வாங்கினால், ஆளுக்கு 600 வீதம் 2,400. மதியச் சாப்பாடு, மாலை நொறுக்குத்தீனி, ஐஸ்கிரீம், குளிர்பானம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 600 என்றால் இன்னொரு 2,400. லாக்கர் வாடகையும் வண்டி நிறுத்தமும் 400. ஆக 5,200. டிக்கெட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை, வீட்டில் யாரும் கணக்கில் எழுதாமலேயே போய்விடுகிறது.

உடையை ஊரிலேயே ஆளுக்கு 200 ரூபாயில் முடித்தால் 1,600 மிச்சம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே ஒரு வேளை உணவோடு நிறுத்தினால் இன்னும் 1,200 மிச்சம். மொத்தம் 2,800. கூப்பன் தருவதைப் போல ஐந்து மடங்கு.

இன்னொன்றையும் பாருங்கள். பூங்கா டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. விளம்பரத்தில் இருக்கும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா, பணம் கட்டும் கடைசித் திரையில் ஏறுகிறதா என்று கவனியுங்கள். 5,400-க்கு வரி தனி என்றால் 972 ரூபாய் கூடும். ‘சலுகை விலை’ என்று ஒரு தளத்தில் வரி நீங்கலாகவும், இன்னொன்றில் வரி சேர்த்தும் போட்டிருப்பார்கள். இரண்டையும் கடைசித் திரைவரை கொண்டுபோய்ப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மகனின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அது ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

மகளுக்கு 11 வயது, நல்ல உயரம். மகனுக்கு 3 வயது. சிறுவர் டிக்கெட் எத்தனை வயது வரை?
– ஈரோடு வாசகர்

வொண்டர்லாவில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 85 முதல் 140 செ.மீ. வரை சிறுவர் கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கட்டணம். உங்கள் மகள் 140-ஐத் தாண்டியிருந்தால், 11 வயதுதான் என்று ஆதார் அட்டையைக் காட்டிப் பயனில்லை. சிறுவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் வாசலில் அளந்து பார்த்து வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். முன்பதிவுச் சலுகை அந்த வித்தியாசத் தொகைக்குக் கிடைக்காமல் போகலாம்.

வீட்டில் அளக்கும்போது செருப்பில்லாமல், குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நிற்க வையுங்கள். தலை மேல் ஒரு தடித்த புத்தகத்தைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடு போடுங்கள். உச்சிக்கொண்டை, தூக்கிக் கட்டிய ஹேர்பேண்ட் எல்லாம் அளவைக் கூட்டும். ராத்திரித் தூக்கத்துக்குப் பிறகு காலையில் உயரம் ஏறத்தாழ ஒரு செ.மீ. கூடுதலாக இருக்கும், மாலையில் குறையும். வாசலில் அளப்பது காலை 10, 11 மணிக்கு என்பதால் காலை அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

இதில் பெற்றோர் யோசிக்க வேண்டியது வேறொன்று உண்டு. சவாரிகளுக்கும் உயர வரம்பு இருக்கிறது. பெரிய ரோலர் கோஸ்டர், தலைகீழாகச் சுற்றும் சவாரிகள் எல்லாம் 120, 130, 140 செ.மீ. என்று குறைந்தபட்ச உயரம் கேட்கும். 90 செ.மீ. குழந்தைக்குச் சிறுவர் கட்டணம் முழுதாகக் கட்டினாலும், அது ஏறக்கூடியவை சின்ன ராட்டினங்களும் குழந்தைகள் குளமும்தான். கூடவே அப்பாவோ அம்மாவோ மாறி மாறிக் கீழே நிற்க வேண்டும். அவர்களுடைய டிக்கெட்டும் பாதி வீண்.

ஆகவே வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் 110 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பெரிய பூங்காவை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. அதுவரை சென்னை தீவுத்திடல், மதுரை தமுக்கம் போன்ற இடங்களில் நடக்கும் பொருட்காட்சிகள் போதும். அங்கே ராட்டினத்துக்கு ராட்டினம் தனிக் கட்டணம். ஏறாததற்குப் பணம் தர வேண்டாம். ஆறிலிருந்து பத்து வயதுவரை குழந்தைகள் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். 120-ஐத் தாண்டி 140-ஐத் தொடாத அந்த மூன்று நான்கு வருஷம்தான் கட்டிய பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும் காலம்: சிறுவர் கட்டணம், ஆனால் பெரும்பாலான சவாரிகளில் இடம்.

கூட்டம் குறைவான நாள் எது? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி. வார நாளில் போவதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா?
– மதுரை வாசகர்

நடக்கும். உங்களுக்கு விடுமுறையாகவும், பூங்கா இருக்கும் ஊருக்கு வேலை நாளாகவும் உள்ள தேதியைப் பிடிக்க வேண்டும்.

முதலாவது, உள்ளூர் விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு விடுமுறை. கோவைக்கோ கொச்சிக்கோ அது சாதாரண வேலை நாள். அழகரைப் பார்க்காமல் எங்கும் நகர மாட்டோம் என்பீர்கள், அது சரிதான்! ஆனால் வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சிக்காரர்களுக்கும், சதய விழாவுக்குத் தஞ்சாவூர்க்காரர்களுக்கும், ஆடிப்பெருக்கு, தேரோட்டம் என்று விடுமுறை விடும் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் இது பொருந்தும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்ததும் பூங்காவின் இணையதளத்தில் அந்தத் தேதியின் விலையைப் பாருங்கள். வார நாள் விலையாகவே இருக்கும். அந்த விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள், அதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, பொங்கல். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் நாட்களில் சென்னையைச் சுற்றியுள்ள எந்தப் பூங்காவுக்கும் போகாதீர்கள். காணும் பொங்கலன்று கடற்கரைச் சாலையில் வண்டி நகராது. அதே நாட்கள் வாரத்தின் நடுவில் வந்தால் கொச்சியில் வேலை நாள். மழையும் பெரும்பாலும் இருக்காது. ஒரு சிக்கல் உண்டு: ஜனவரி 14-ஐ ஒட்டி மகரவிளக்கு. கார்த்திகை முதல் நாளிலிருந்தே கேரளம் போகும் ரயில்களில் சபரிமலைக் கூட்டம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நவம்பர் நடுவிலேயே, திறக்கும் அன்றே காலை 8 மணிக்கு எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தவிர்க்க வேண்டிய காலங்கள். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே கோடை விடுமுறை. ஓணத்துக்குப் பத்து நாள். அந்தச் சமயம் கொச்சி வேண்டாம். நம் காலாண்டு விடுமுறையும் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் ஒன்றோடொன்று ஒட்டி வரும். அப்போது பெங்களூரு வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம் எங்குமே கூட்டம், எங்குமே உச்ச விலை.

கோடையில்தான் முடியும் என்றால் ஏப்ரல் கடைசியை விட ஜூன் முதல் வாரம் மேல். கேரளத்தில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். நம் பள்ளிகள் ஒரு வாரம் தாமதமாகத் திறக்கும் வருஷங்களில் அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் அதே வாரம்தான் வரும்.

மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– கும்பகோணம் வாசகி

பொதுவாகக் கிடைக்காது. மின்னல் இருந்தால் உயரமான சவாரிகளையும் தண்ணீர்ப் பகுதியையும் நிறுத்துவார்கள். நின்றபின் மறுபடி ஓட்டுவார்கள். வெறும் தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே தேதி மாற்ற வசதி உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு முன்பு கேட்க வேண்டும் என்று படித்துவையுங்கள். சென்னைக்கு அக்டோபர் நடு முதல் டிசம்பர் தொடக்கம் வரை எச்சரிக்கை தேவை. கொச்சியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் துலாவர்ஷம் என்று அவர்கள் சொல்லும் வடகிழக்குப் பருவமழை. அது பிற்பகல் இடியோடு வரும். ஆகவே அந்த மாதங்களில் போனால் பெரிய சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை கூடாது என்கிறார்களே. உள்ளே கடையில் விற்பதற்காகச் சொல்கிறார்களா?
– திருப்பூர் வாசகர்

கடை வியாபாரமும் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விதிக்குக் காரணம் இருக்கிறது. பருத்தித் துணி தண்ணீரில் நூலிழைப் பிசிறை விடும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கும் குளத்தில் அந்தப் பிசிறு வடிகட்டியை அடைக்கும். சாயமும் இறங்கும். நனைந்த பருத்தி கனத்து உடம்போடு ஒட்டி, சறுக்கில் பாதி வழியில் நிறுத்திவிடும். பின்னால் வருபவர் வந்து இடிப்பார். ஜீன்ஸ் பித்தான், உலோக ஜிப், கல் பதித்த வேலைப்பாடு எல்லாம் ஃபைபர் சறுக்கைக் கீறும். அந்தக் கீறல் அடுத்தவரின் முதுகைக் கீறும். துப்பட்டாவும் புடவையும் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் செலவே இல்லை. காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சமாக வரும் பாலியெஸ்டர் ‘ட்ரை ஃபிட்’ டி-ஷர்ட், நைலான் ஷார்ட்ஸ், முழங்காலுக்குக் கீழே வரும் லெகிங்ஸ் போதும். வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள்: பாலியெஸ்டர், நைலான், ஸ்பான்டெக்ஸ் என்றிருந்தால் சரி. ‘60 சதவீதம் பருத்தி’ என்றிருக்கும் கலப்புத் துணியைத் தண்ணீர்ப் பகுதி வாசலில் நிற்பவர் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார். பெரும்பாலான லெகிங்ஸ் பருத்திக் கலப்பு. பெண்கள் ஏமாறுவது இதில்தான். ஜிம், யோகா லெகிங்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை, வெளிர் நிறங்கள் வேண்டாம், நனைந்தால் உள்ளே தெரியும்.

ஆளுக்கு ஒரு துண்டு, ஈரத்துணி போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, போனுக்கு நூறு நூற்றைம்பது ரூபாய் வாட்டர்ப்ரூஃப் பவுச். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அலைக்குளத்தில் விழுந்த கண்ணாடி திரும்பாது. நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போவது நல்லது. ஒரு நாள் உல்லாசத்தில் ஐந்து பவுன் சங்கிலி தொலைந்தால் எந்தச் சிக்கனமும் அதை ஈடுகட்டாது.

லாக்கர் குடும்பத்துக்கு ஒன்று போதும். முன்பணத்தைச் சாவியைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். மூடும் நேரத்தில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். அரைமணி முன்னதாகப் போய்விடுங்கள்.

சென்னையில் புதிதாக வந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போகிறோம். வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் எடுக்கலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

ஓ.எம்.ஆரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த பூங்கா அது. புதுப் பூங்கா என்பதால் சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம்.

ஃபாஸ்ட் ட்ராக் ஏறத்தாழ இரண்டு டிக்கெட் விலை ஆகும். 1,500 என்பது 3,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கு 6,000 ரூபாய் கூடுதல். வார நாளில் பெரிய சவாரிக்கே கால்மணி, இருபது நிமிஷக் காத்திருப்புதான். அங்கே இது வீண். உச்சநாளில் ஒரு சவாரிக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் பயன் இருக்கிறது. ஆனால் அந்த 6,000 ரூபாய்க்குப் பதில் ஒரு நாள் கேஷுவல் லீவ் போட்டு செவ்வாய், புதன் கிழமை போனால் டிக்கெட்டும் குறைவு, வரிசையும் குறைவு. லீவ் கிடைக்கவே கிடைக்காது என்றால், பெரிய சவாரிகளில் ஏறக்கூடிய உயரமும் ஆசையும் உள்ள இருவருக்கு மட்டும் எடுங்கள். ஏறாத அம்மாவுக்கும் சின்னவனுக்கும் எதற்கு?

ஃபாஸ்ட் ட்ராக் இல்லாமலே வரிசையைக் குறைக்க ஒரு வழி. கதவு திறப்பதற்கு அரைமணி முன்பே வாசலில் இருங்கள். திறந்ததும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்துச் சவாரியில் நிற்பார்கள். நீங்கள் நேராகப் பூங்காவின் கடைக்கோடியில் இருக்கும் பெரிய சவாரிக்குப் போய்விடுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பெரிய சவாரிகளை முடிக்கலாம். தண்ணீர்ப் பகுதி வழக்கமாகச் சற்றுத் தாமதமாகத் திறந்து, மாலையில் முன்னதாக மூடும்; திறந்ததும் அங்கே போங்கள். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போகும்போது சறுக்குகளில் வரிசை பாதியாகும். நீங்கள் இரண்டரைக்குச் சாப்பிடுங்கள். உடை மாற்றியபின் கடைசி ஒரு மணி நேரம் மறுபடி உலர்ந்த சவாரிகள். வெளியூர் பஸ்களில் வந்தவர்கள் அப்போது கிளம்பியிருப்பார்கள்.

முக்கியமானது: தண்ணீரிலிருந்து உலர்ந்த பகுதிக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் மாறி மாறி ஓடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடை மாற்ற, லாக்கர் திறக்க என்று அரைமணிக்கு மேல் போய்விடும்.

புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?
– விழுப்புரம் வாசகி

உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தைக்கான உணவு, மருந்து மட்டும் அனுமதி. வண்டியில் வைத்துவிட்டு மதியம் வெளியே வந்து சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள், வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று நுழையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல பூங்காக்களில் விடுவதில்லை. புளிசாதம் திரும்பும் வழிக்கு உதவும். மாலை ஆறு மணிப் பசிக்கு ஹோட்டலில் நால்வருக்கு ஆகும் செலவு அதில் மிச்சம். காலைக்கு இட்லி போதும். நெய் வழியும் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுச் சுழலும் சவாரியில் ஏறினால் குமட்டும், பாதி நாள் பெஞ்சில் போகும். உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கும். ஆளுக்கு ஒரு காலி பாட்டில் எடுத்துப் போங்கள். உணவுக் கூப்பனை டிக்கெட்டோடு சேர்த்து எடுப்பது மலிவாகத் தெரிந்தாலும், சாப்பாட்டில் பிடிவாதம் உள்ள குழந்தைக்குப் பஃபே எடுக்க வேண்டாம்.

மாமனார், மாமியாரும் வருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் எதிலும் ஏறப்போவதில்லை. அவர்களுக்கும் டிக்கெட் வேண்டுமா?
– நாகர்கோவில் வாசகி

வேண்டும். உள்ளே வருபவர் எல்லோருக்கும் டிக்கெட். ‘சும்மா உட்கார’ தனி டிக்கெட் பெரும்பாலான இடங்களில் கிடையாது. மூத்த குடிமக்கள் சலுகை இருந்தால் வயதைக் காட்டும் அசல் அட்டையை எடுத்துப் போங்கள். போனில் உள்ள படத்தை ஏற்காத இடங்களும் உண்டு. கல்லூரி மாணவர் சலுகை, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் சலுகை, பிறந்தநாள் சலுகை எல்லாவற்றுக்கும் இதே விதி. இரண்டு சலுகைகளை ஒரே டிக்கெட்டில் சேர்க்க முடியாது. ஆனால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சலுகை எடுக்கலாமா என்று கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

பெரியவர்களுக்கு வெயிலில் ஏழு மணி நேரம் உட்காருவது சிரமம். கொச்சி போகிறீர்கள் என்றால் அவர்களுக்கு அன்று திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகமும் எர்ணாகுளம் சிவன் கோயிலும் மேல். அது திங்கட்கிழமையாக இருந்தால் மட்டும் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட் விலையில் இருவருக்கும் ஆட்டோ, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் முடிந்துவிடும்.

பெங்களூருக்கு ரயிலில் போய், அறை எடுக்காமல் அன்றே திரும்ப முடியுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியிருந்தால் முடியும். இரவு ரயில், பகலில் பூங்கா, மறுபடி இரவு ரயில். வொண்டர்லா பூங்கா பிடதியில், மைசூர் சாலையில் இருக்கிறது. கடலூர் துறைமுகம் – மைசூரு ரயிலில் (முன்பு மயிலாடுதுறை – மைசூரு ரயில்) வந்தால் பெங்களூரு நகருக்குள் இறங்க வேண்டியதில்லை. கெங்கேரி நிறுத்தம் உண்டா என்று பார்த்து அதுவரை டிக்கெட் எடுங்கள். நகரில் இறங்கினால் ரயில் நிலையத்திலிருந்தே ஊதா வழித்தட மெட்ரோ கெங்கேரிக்கும் செல்லகட்டாவுக்கும் போகிறது. கெங்கேரியிலிருந்து பிடதிக்கு பஸ். காலை நேரத்தில் நகரிலிருந்து டாக்ஸி பிடித்தால் இருவழிச் செலவே ஒரு பெரியவர் டிக்கெட்டைத் தாண்டிவிடும்.

பையை ரயில் நிலைய க்ளோக் ரூமில் வைக்கலாம்; பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள், பயண டிக்கெட்டையும் கேட்பார்கள். குளியலுக்கு அறை வேண்டாம். பூங்காவிலேயே குளியலறையும் உடைமாற்றும் அறையும் உண்டு.

ரயில் கட்டணத்தில் ஒரு நுணுக்கம். 5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. 5 நிறைந்து 12 நிறையாதவர்களுக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். ஏழு வயதுக் குழந்தை அம்மாவோடு படுத்துக்கொள்ளும், பதினொரு வயதுப் பையனுக்குத் தனிப் படுக்கை வேண்டும். ஆனால் சேர் கார், வந்தே பாரத் ரயில்களில் இந்த அரைக் கட்டண வசதியே கிடையாது. ஆறு வயதுக்கும் முழுக் கட்டணம்தான்.

குழந்தைகள் சிறியவர்கள் என்றால் திரும்பும் இரவு மட்டும் கெங்கேரி பக்கம் ஒரு அறை எடுத்துவிடுங்கள். ஏழு மணி நேரம் தண்ணீரில் ஆடிய குழந்தையை ரயில் நிலையத்தில் இரவு பதினொரு மணிவரை உட்காரவைப்பது கொடுமை.

ஊட்டி போகும் வழியில் பிளாக் தண்டர் போகிறோம். இ-பாஸ் வேண்டுமா?
– கரூர் வாசகர்

பூங்கா மேட்டுப்பாளையத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே மட்டும் போக இ-பாஸ் தேவையில்லை. அன்றே சொந்த வண்டியில் மலை ஏறுவதானால் வேண்டும். அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது, ஏஜென்டுக்குப் பணம் தராதீர்கள். பூங்காவை மலை ஏறும் நாளில் வைக்காமல் இறங்கும் நாளில் வைத்துக்கொண்டால் ஊட்டி அறை வாடகையை அரை நாள் வீணாக்காமல் இருக்கலாம். பூங்கா மட்டும் போதும் என்றால் கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பயணிகள் ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊட்டி சாலையில் பஸ், ஆட்டோ கிடைக்கும்.

சிங்கப்பூரில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகத் திட்டம். நாங்கள் நால்வர். எங்கே மிச்சம் பிடிக்கலாம்?
– சேலம் வாசகர்

விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடி தங்குமிடம்தான் பெரிய செலவு. செந்தோசா தீவிலேயே தங்க வேண்டாம். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து வடகிழக்குத் தடத்தில், மாறாமல் நேரே ஹார்பர்ஃபிரண்ட் போகலாம். அங்கே விவோசிட்டி வளாகத்திலிருந்து செந்தோசாவுக்கு மோனோ ரயில் ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பக்கத்திலேயே இருக்கும் போர்ட்வாக் நடைபாதையில் போனால் கட்டணமில்லை. பத்துப் பதினைந்து நிமிஷ நடையில் யுனிவர்சல் இருக்கும் பகுதியிலேயே கொண்டுபோய் விடும். தீவை விட்டுத் திரும்பும்போது மோனோ ரயில் இலவசம் என்பதால், களைத்த பிள்ளைகளோடு அப்போது ஏறிக்கொள்ளுங்கள்.

இங்கே கட்டணம் வயதைப் பொறுத்தது: 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 சிறுவர், 60 முதல் மூத்தோர். வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் தனிச் செலவு. அதற்குப் பதில் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிகளில் ‘சிங்கிள் ரைடர்’ வரிசை உண்டு. தனியாக உட்காரத் தயாராக இருக்கும் பெரிய பிள்ளைகளும் அப்பாவும் அதில் நின்றால் நேரம் வெகுவாகக் குறையும். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகளான ஜூன், டிசம்பர் மாதங்களைத் தவிர்க்கப் பாருங்கள்.

மழைக்கோட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். காலைச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை உணவகங்களில் முடிக்கலாம். நம் வங்கி அட்டையைத் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்று சதவீதத்துக்கு மேல் போகும், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. அந்தக் கட்டணம் இல்லாத அட்டை ஒன்றைப் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய எஸ்.ஜி. அரைவல் கார்டு முற்றிலும் இலவசம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் பிடுங்கும் போலித் தளங்கள். விசா வேறு, இது வேறு; விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு டிக்கெட் என்று செய்தி வந்தது. வாங்கலாமா?
– வேலூர் வாசகி

வேண்டாம். பூங்காவின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கே அந்தச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மோசடி. ஒரே கியூ.ஆர். குறியீட்டைப் பத்துக் குடும்பங்களுக்கு விற்பார்கள். முதலில் வாசலுக்கு வருபவர் உள்ளே போவார், மற்றவர்கள் திரும்ப வேண்டியதுதான். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் அந்தச் செய்தியின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.